சிற்றரங்கும் பேரவையும்: ‘டூக்கி’ இசைத்தொகுப்பின் ஆக்கமும் வெற்றியும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



ஒரு மன்றம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும்போது, அங்கே அரங்கேறிய படைப்புகளை எண்ணி மகிழ்வது மரபு. அம்மகிழ்ச்சியோடு ஒரு வினாவையும் எழுப்பிக்கொள்வது நலம். சிறியதொரு கூட்டத்தில் பிறந்து வளர்ந்த படைப்பாளி, ஒருநாள் பெருஞ்சந்தைக்குள் நுழைந்து பெரும்புகழ் எய்திவிட்டால், அந்தக் கூட்டம் அவரை எவ்வாறு கருத வேண்டும்? வளர்ந்துவிட்டார் என்றா, விலைபோய்விட்டார் என்றா? இவ்வினாவுக்கு விடைகாணக் கவிதையுலகை விட்டுச் சற்றே விலகி, அமெரிக்க இசையுலகில் நிகழ்ந்த ஒன்றை ஆராய்வது பயன் தரும். வேண்டியவர், வேண்டாதவர் என்னும் பார்வை அங்கே குறுக்கிடாது.

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ‘கிரீன் டே’ என்னும் மூவர் இசைக்குழு 1994 பிப்ரவரி முதல் நாள் வெளியிட்ட ‘டூக்கி’ என்னும் இசைத்தொகுப்பே இவ்வுரையின் பொருள்.

பங்க் என்னும் இசைநெறி

1970களின் நடுப்பகுதியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் உருப்பெற்ற ராக் இசையின் ஒரு கிளையே பங்க். நீண்ட கிதார் ஆலாபனைகளாலும் பேரரங்க ஆடம்பரங்களாலும் ராக் இசை கேட்போரிடமிருந்து விலகிப் போய்விட்டது என்ற சலிப்பில் அது பிறந்தது. மூன்று நான்கு சுரக்கூட்டுகள், விரைந்த தாளம், இரண்டு மூன்று நிமிடங்களில் முடியும் பாடல், தெருவில் பேசும் மொழி ஆகியனவே அதன் இலக்கணம். தேர்ச்சி பெற்றோர் மட்டுமே இசைக்கலாம் என்னும் எண்ணத்தை அது மறுத்தது. சொல்வதற்கு ஒன்று உடைய எவரும் கருவியைக் கையில் எடுக்கலாம் என்றது. யாப்பைக் கடந்து எழுத வந்த புதுக்கவிதையின் தொடக்ககால வேகத்தை அறிந்தோர்க்கு இது புதிதன்று. இந்த வேகத்தோடு எளிதில் மனத்தில் பதியும் மெட்டும் இணைந்தபோது, அதனைப் பாப் பங்க் என்றனர்.

குழுவும் அரங்கமும்

பாடகரும் கிதார் கலைஞருமான பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங், பேஸ் கிதார் இசைக்கும் மைக் டர்ன்ட் ஆகிய இருவரும் பள்ளித் தோழர்கள். இருவரும் 1972இல் பிறந்தவர்கள். ஆம்ஸ்ட்ராங் வளர்ந்த ரோடியோ, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை அடுத்த ஒரு சிற்றூர். அவருடைய தந்தை சரக்குந்து ஓட்டியவர். ஜாஸ் இசையும் அறிந்தவர். 1982இல், மகனுக்குப் பத்து வயதாக இருக்கும்போதே அவர் புற்றுநோயால் மறைந்தார். உணவகத்தில் பணிபுரிந்த தாயே பிள்ளைகளை வளர்த்தார். 1987இல் ‘ஸ்வீட் சில்ட்ரன்’ என்ற பெயரில் தோன்றிய குழு, 1989இல் ‘கிரீன் டே’ ஆயிற்று. டிரம்ஸ் கலைஞர் ட்ரே கூல் 1990இல் வந்து சேர்ந்தார்.

இவர்களை உருவாக்கிய களம் பெர்க்லி நகரின் கில்மன் தெரு 924ஆம் எண் அரங்கம். 1986ஆம் ஆண்டின் இறுதி நாளன்று திறக்கப்பெற்ற இவ்வரங்கம் இலாபநோக்கு அற்றது, தன்னார்வலர்களால் நடத்தப்பெறுவது. எல்லா வயதினரும் வரலாம். மதுவுக்கும் வன்முறைக்கும் இடமில்லை. நிறவெறிக்கும், பெண்களையோ தன்பால் விருப்புடையோரையோ இழிவுசெய்யும் பேச்சுக்கும் இடமில்லை. பெரிய ஒலிப்பதிவு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட எந்தக் குழுவுக்கும் அங்கே மேடை இல்லை என்பது அந்நாளில் மற்றொரு விதியாக இருந்தது. இவ்விதியே பின்னர் இவர்கள் வாழ்வில் குறுக்கிட்டது.

அத்தகைய சிற்றரங்கம் ஒன்றில் பாடுவோர்க்கு மறைந்துகொள்ள இடமில்லை. பாடல் நீண்டால் சலிப்பையும், சொல் பொய்த்தால் ஏளனத்தையும் எதிரே நிற்பவர் முகத்திலேயே காணலாம். சுருங்கச் சொல்லல், நேர்படச் சொல்லல் ஆகியவற்றை இவர்கள் நூலில் கற்கவில்லை. அந்த முகங்களிடம் கற்றனர். ‘லுக்அவுட்’ என்னும் சிறு நிறுவனத்தின் வழியே இவர்கள் வெளியிட்ட இரண்டாம் தொகுப்பான ‘கெர்ப்ளங்க்’ ஏறத்தாழ 50,000 படிகள் விற்றது. ஊர் ஊராகச் சென்று பாட, டிரம்ஸ் கலைஞரின் தந்தை பழைய நடமாடும் நூலக வண்டியொன்றைச் செப்பனிட்டு, தாமே ஓட்டுநராகவும் அமர்ந்தார். நூல்களைச் சுமந்த வண்டி பாடல்களைச் சுமந்தது.

ஆக்கம்

1991இல் ‘நிர்வாணா’ குழுவின் ‘நெவர்மைண்ட்’ பெருவெற்றி பெற்றபின், பெரிய நிறுவனங்கள் சிற்றரங்குகளின் பக்கம் பார்வையைத் திருப்பின. ‘ரெப்ரைஸ்’ நிறுவனத்தில் பணியாற்றிய ராப் கவாலோ, கிரீன் டேயின் மாதிரிப் பதிவு ஒலிநாடாவைத் தம் காரில் கேட்டுத் தம் தேர்வை உறுதி செய்தார். தயாரிப்புப் பொறுப்பையும் அவரே ஏற்றார்.

1993இல் ஒலிப்பதிவு நடந்த இடம் பெர்க்லியின் ஃபேன்டசி கூடம். நிறுவனம் பெரிதாயினும் ஊர் மாறவில்லை. ஏறத்தாழ மூன்று வாரங்களில் பதிவு முடிந்தது. ஆம்ஸ்ட்ராங் தம் குரல் பகுதிகளை இரண்டே நாள்களில், பெரும்பாலும் ஒரே மூச்சில் பாடி முடித்தார். ஒலிகளை ஒன்றுசேர்த்து அளவுபடுத்தும் கலவைப் பணியில் அத்தகைய விரைவு காட்டப்படவில்லை. முதற் கலவை நிறைவளிக்காமையால், ஜெர்ரி ஃபின் என்பாரைக் கொண்டு மீண்டும் கலந்தனர். எதிரொலிப்பும் ஒப்பனையும் இல்லாத வறண்ட ஒலியே அவர்கள் நாடியது. முன்னைய தொகுப்பில் இடம்பெற்ற ‘வெல்கம் டு பாரடைஸ்’ என்னும் பாடலையும் புதிதாகப் பதிந்து சேர்த்தனர். 14 பாடல்களும், இறுதியில் அறிவிப்பின்றி ஒளிந்திருக்கும் ஒரு சிறு பாடலும் கூடி 40 நிமிடங்களுக்குள் அடங்கின. பாடுவதில் விரைவும் திருத்துவதில் பொறுமையும் ஆகிய இவ்விரண்டும் கவிஞர்கள் கருதத்தக்கவை.

‘பாஸ்கெட் கேஸ்’ என்னும் பாடல் இதற்குத் தக்க சான்று. அதன் மெட்டுக்கு ஆம்ஸ்ட்ராங் முதலில் எழுதிய வரிகள் ஒரு காதல் கதையைச் சொல்வன. அவை தரமற்றவை என்று தாமே உணர்ந்து முற்றிலும் களைந்தார். பின்னர் அதே மெட்டில், தம்மை உலுக்கிவந்த பதற்றநோயைப் பாடினார். மெட்டு பழையது, பொருள் உண்மையானபோதுதான் பாட்டு உயிர்பெற்றது.

பொருளும் சொல்லும்

அச்சம் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தரும் செய்தி. தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் ஆகிய அந்நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பவை. ‘பாஸ்கெட் கேஸ்’ பாடலில் வரும் அச்சத்திற்குப் புறத்தே காரணம் ஏதுமில்லை. அஞ்சுவோனின் உள்ளமே அதன் நிலைக்களன். தமக்கு என்ன நேர்கிறது என்பதை அறிந்துகொள்ளப் பாட்டெழுதுவதே வழியாக இருந்தது என்னும் கருத்தை ஆம்ஸ்ட்ராங் பின்னாளில் வெளியிட்டுள்ளார். தலைப்போ, நிலைகுலைந்தவரைக் கேலியாகச் சுட்டும் பேச்சுவழக்கு. அச்சத்தை நகையோடு கலந்து தந்தமையால், அழுகுரலாக ஒலித்திருக்கக்கூடிய பாடல் கூடிப் பாடும் பாடலாயிற்று. தனக்கு மட்டுமே உள்ள நோய் என்று மறைத்துவைத்திருந்த இளைஞர் பலர், அதைப் பேரவையில் உரக்கப் பாடும் துணிவு பெற்றனர்.

‘லாங்வியூ’ வேலையும் ஊக்கமும் இன்றித் தொலைக்காட்சி முன் முடங்கிக் கிடப்பவனின் சலிப்பைப் பாடுகிறது. ‘கமிங் கிளீன்’ தம் பாலீர்ப்பைப் பற்றிய குழப்பத்தினூடே தம்மை அறிந்துகொள்ளும் இளைஞனின் குரல். தாம் இருபாலரிடமும் ஈர்ப்புடையவர் என்பதை ஆம்ஸ்ட்ராங் 1995இல் வெளிப்படையாகவே கூறினார். ‘ஷீ’ பிறந்த வரலாறு கவிஞர்களுக்கு உவப்பளிக்கும். அவருடைய அந்நாளைய தோழி, அதே தலைப்பில் அமைந்த பெண்ணியக் கவிதையொன்றை அவருக்குக் காட்டினார். அதற்கு மறுமொழியாக அவர் எழுதிக் காட்டியதே இப்பாடல்.

தொகுப்பின் பெயரையும் கருத வேண்டும். ‘டூக்கி’ என்பது மலத்தைக் குறிக்கும் சிறுவர் மொழி. இலக்கண நூலார் இடக்கரடக்கல் என்று எதை வகுத்தனரோ, அதற்கு நேர் எதிரானது இது. தோழர்கள் தமக்குள் சொல்லிச் சிரித்த ஒரு குழூஉக்குறியை நாடறியும் தலைப்பாக்கியதில் ஒரு பிடிவாதம் புலப்படுகிறது. அட்டை ஓவியமும் பெர்க்லியின் டெலிகிராஃப் சாலையையே காட்டுகிறது. வரைந்தவர், அவ்வட்டாரத்து ஓவியரான ரிச்சி புச்சர். உலகெங்கும் செல்லவிருந்த தொகுப்பு, தன் ஊரை முகத்தில் எழுதிக்கொண்டே புறப்பட்டது.

வெற்றி

முதலில் வந்த ‘லாங்வியூ’ பாடலின் படக்காட்சியை அவர்கள் தாம் குடியிருந்த வீட்டின் நிலவறையிலேயே எடுத்தனர். எம்டிவி தொலைக்காட்சி அதனை வீடுதோறும் சேர்த்தது. 1994 ஆகஸ்டு 14 அன்று வுட்ஸ்டாக் இசைவிழாவில் இரசிகர்கள் மேடைமீது சேற்றை வீச, குழுவினரும் திருப்பி வீசினர். மைக் டர்ன்டை அத்துமீறி ஏறிய இரசிகர் என்று கருதிய காவலர் ஒருவர் பாய்ந்து வீழ்த்தியதில் அவருடைய பற்கள் சேதமுற்றன. அடுத்த மாதம் பாஸ்டன் நகரில் நடந்த இலவச நிகழ்ச்சியில் பல்லாயிரவர் திரண்டமையால் ஒழுங்கு குலைந்து, நிகழ்ச்சி இடையிலேயே நின்றது.

‘டூக்கி’ பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம்வரை உயர்ந்தது. 1995இல் கிராமி விருது பெற்றது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் படிகள் என்னும் சான்றிதழை 1999இல் பெற்றது. 2024இல் அது இரண்டு கோடியாக உயர்ந்தது. அதே 2024இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காத்துவைக்கத் தக்க ஒலிப்பதிவுகளின் தேசியப் பதிவேட்டில் இதனைச் சேர்த்தது.

விலை

இவ்வெற்றிக்கு விலை இருந்தது. ஒப்பந்தம் செய்துகொண்ட அளவிலேயே கில்மன் அரங்கின் மேடை இவர்களுக்கு மூடப்பட்டது. நேற்றுவரை தோழமை பாராட்டியோர் விலைபோனவர் என்று ஏசினர். 1995இல் வந்த ‘இன்சோம்னியாக்’ தொகுப்பில் ‘86’ என்னும் பாடல் இப்புறக்கணிப்பையே பொருளாகக் கொண்டது. கோடி மக்கள் கேட்கும் நிலையிலும், கதவடைத்த ஓர் அரங்கத்தை நினைந்து ஒருவர் பாடுகிறார் எனில், அவ்வரங்கம் அவருக்கு எத்தகைய இடமாக இருந்திருக்க வேண்டும்!

அரங்கத்தார் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. விதியைப் புகழ்பெற்றோர்க்கு ஒருமுறை தளர்த்தினால், பெரும் நிறுவனங்களின் தேர்வுக்களமாக அரங்கம் மாறிவிடும். பெயரற்ற புதியவர்க்கு இடம் இராது. பெரிய நிறுவனம் ஒன்றே வழி என்பதும் உண்மையன்று. அதே 1994இல் ‘ஆஃப்ஸ்பிரிங்’ குழுவின் ‘ஸ்மாஷ்’ தொகுப்பு, ‘எபிடாஃப்’ என்னும் தனிநிலைச் சிறு நிறுவனத்தின் வழியாகவே வெளிவந்து பெருவிற்பனை கண்டது. எனினும், சிறிது என்பதாலேயே எதுவும் தூயதாகிவிடுவதில்லை. உரிமத்தொகை முறையாக வராமையால் 2005இல் கிரீன் டே தன் பழைய தொகுப்புகளை லுக்அவுட் நிறுவனத்திடமிருந்து மீட்டுக்கொள்ள நேர்ந்தது.

ஆகவே, விதியைக் காத்தமை தவறன்று, வெளியேறியமையும் துரோகமன்று. தவறு வேறிடத்தில் நிகழ்ந்தது. பாடலைக் கேட்டுத் தீர்ப்பளிக்க வேண்டியவர்கள், ஒப்பந்தத்தைப் பார்த்துத் தீர்ப்பளித்தனர். விற்பனையைக் கண்டு ஒரு படைப்பை உயர்ந்தது என்பது சந்தையின் பிழை. விற்பனையைக் கண்டு தாழ்ந்தது என்பது சிறு கூட்டத்தின் பிழை. இருவரும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கின்றனர்; பிடிக்கும் முனை மட்டுமே வேறு.

நிறைவாக

2015இல், தீவிபத்தால் பாதிக்கப்பட்ட பதிப்பகத்தார்க்கும் அச்சகத்தார்க்கும் உதவி திரட்டும் நிகழ்ச்சியொன்றில், கிரீன் டே கில்மன் மேடையில் மீண்டும் பாடியது. புத்தகம் அச்சிடுவோரின் துயரம் அக்கதவைத் திறந்தது என்பது இவ்வவைக்கு மகிழ்வூட்டும் செய்தி.

ஒரு மன்றம் தன் கவிஞர்களைக் கட்டிவைக்க இயலாது; வைக்கவும் வேண்டா. அது தரக்கூடியது முதற்செவி. பெயர் தெரியாத ஒருவர் நடுங்கும் குரலில் படிக்கும் முதற்கவிதையை அமைதியாகக் கேட்டு, பொய்த்த சொல்லைச் சுட்டிக்காட்டும் செவி அது. அவரே பெயர் பெற்றபின், அதே செவியோடு, கூட்டியும் குறைத்தும் அல்லாமல், அவருடைய புதிய கவிதையைக் கேட்பது அதனினும் அரிது. முதற்பணியைப் பத்தாண்டுகளாகச் செய்துவரும் மன்றத்திற்கு இரண்டாம் பணி இனித்தான் வரவிருக்கிறது. இங்கே முதற்கவிதை படித்தவர்களுள் சிலர் நாளை பேரவைகளுக்குச் செல்வர். அவர்கள் திரும்பி வரும் நாளில் இங்கே ஓர் இருக்கை காத்திருக்கட்டும். கைதட்டலுக்கு முன்பாகக் கவிதையைக் கேட்கும் செவிகளும் காத்திருக்கட்டும்.