நடந்து வந்த சரித்திரம்



செய்தி எழுதுபவர் நிகழ்ச்சியின் அருகே நிற்பவர். சரித்திரம் எழுதுபவர் அது முடிந்தபின் வருபவர் என்பது பொதுவான எண்ணம். இவ்விரு பணிகளையும் ஒருவரே ஏற்றதும் உண்டு. அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1920ஆம் ஆண்டு பிறந்த கோர்னேலியஸ் ரயன், இரண்டாம் உலக மகாயுத்தத்தில் நிருபராயிருந்தவர். நோர்மண்டித் தரையிறக்கம் பற்றி 1959இல் அவர் வெளியிட்ட நூல், தளபதிகளின் கட்டளைகளோடு நிற்கவில்லை. இருதரப்புச் சிப்பாய்களையும் கிராமத்தவரையும் தேடி, அவர்கள் நினைவுகளைத் திரட்டித் தந்தது.

தமிழிலும் அத்தகைய ஒருவர் இருந்தார். அவர் வெ. சாமிநாத சர்மா. ஆனால் அவர் யுத்தத்தைத் தேடிச் செல்லவில்லை. யுத்தமே அவரைத் தேடி வந்தது.

வட ஆர்க்காட்டில் 1895இல் பிறந்த சர்மா, திரு. வி. கலியாணசுந்தரனாரின் 'தேசபக்தன்', 'நவசக்தி' ஆகிய பத்திரிகைகளில் பயின்றவர். 1932இல் இரங்கூன் சென்றார். 1937 முதல் அங்கே 'ஜோதி' என்னும் மாத இதழை நடத்தினார். ஐரோப்பாவில் போர்மேகம் திரண்ட அந்நாளில், அபிசீனியா, ஸ்பெயின், செக்கோஸ்லோவாகியா, பாலஸ்தீனம் ஆகிய நாடுகளின் நெருக்கடிகளைத் தமிழருக்கு விளக்கும் நூல்களை எழுதினார். ஆங்கிலம் அறியாத வாசகனும் உலக அரசியலை அறிதல் வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

1941 டிசம்பர் 23இல் இரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச் 8இல் நகரம் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த இந்தியருள் ஏறத்தாழ நாலைந்து இலட்சம் பேர் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். கப்பலில் இடம் கிடைத்தோர் சிலர். மலையும் காடும் கடந்து நடந்தோர் பலர். பசியாலும் வாந்திபேதியாலும் மலைக்காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பல்லாயிரவர். அந்த நடைக்கூட்டத்தில் சர்மாவும் அவர் துணைவியார் மங்கலம் அம்மையாரும் இருந்தனர். தூரதேசத்து அகதிகளைப் பற்றி எழுதிய கை, இப்போது தன் மூட்டையைத் தானே சுமந்தது.

அந்த அனுபவத்தை வாழ்வின் பிற்பகுதியில் 'எனது பர்மா வழி நடைப் பயணம்' என எழுதினார். 1978இல் மறைந்தார். படைகளின் பின்வாங்கலைப் பற்றிய நூல்கள் பல உண்டு. ஆனால் கூலித் தொழிலாளரும் கடைக்காரரும் தாய்மாரும் நடந்த அந்த வழியைத் தமிழில் காட்டும் நூல்கள் அரியவை. அவர் எழுதாதிருப்பின், அப்பெருங்கூட்டம் வெறும் தொகையாகவே நம்மிடம் எஞ்சியிருக்கும்.

அதே 1942ஆம் ஆண்டு, ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பும் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. கொட்டாஞ்சேனையிலும் ஒருகொடவத்தையிலும் வெள்ளவத்தையிலும் அன்று வாழ்ந்தோர் ஏறக்குறைய அனைவரும் மறைந்துவிட்டனர். அவர்கள் பிள்ளைகளிடம் சொல்லிச் சென்றவை சில இல்லங்களில் இன்னும் எஞ்சியிருக்கலாம். அவற்றைக் கேட்டு, ஆண்டும் இடமும் குறித்து ஒரு கொப்பியில் எழுதி வைப்பதற்குப் பெரிய புலமை வேண்டியதில்லை. சரித்திரத்தின் முதல் ஏடு பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கிறது.