ஓவியம் படிக்கும் பிள்ளைக்கும் உதவித்தொகை உண்டா?

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் விழாவில் செயலாளர் ஆற்றிய உரை)



அல்ஹம்துலில்லாஹ், இந்த ஆண்டும் கூடியிருக்கிறோம். பெயர்ப் பட்டியலை வாசிக்கும் முன் ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்க வேண்டியிருக்கிறது.

வந்த மனுக்கள் வழக்கம்போல் பொறியியல், நர்சிங், பி.காம்., ஆலிமா படிப்பு என்றே இருந்தன. ஒன்று மட்டும் வேறு. பிளஸ் டூ முடித்த நம்மூர்ப் பிள்ளை ஒருத்தி, சென்னை எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் நான்காண்டு ஓவியப் படிப்புக்கு உதவி கேட்டிருந்தாள். இந்த ஒரு மனுவைப் பேசி முடிக்க நம் குழுவுக்கு இரண்டு அமர்வு ஆயிற்று. "படம் வரைந்து எப்படிப் பிழைப்பாள்?" என்றார் ஒருவர். "உருவம் வரைவது மார்க்கத்தில் கூடுமா?" என்றார் இன்னொருவர். இரண்டுமே ஒதுக்கிவிடக் கூடாத கேள்விகள்.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். நாம் ஃபத்வா சொல்ல வரவில்லை. அது மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களின் பொறுப்பு. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதை உலமாக்களில் பெரும்பாலோர் தடுத்திருக்கிறார்கள். அதே வேளையில் புகாரியில் வரும் ஒரு செய்தியையும் அவர்களே நமக்கு ஓதிக் காட்டினார்கள். உருவங்கள் செய்தே பிழைக்கிறேன் என்று சொல்லி வந்த ஒருவரை இப்னு அப்பாஸ் (ரலி) எச்சரித்தார்கள். ஆனால் வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. செய்துதான் ஆக வேண்டுமென்றால் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள் என்று வழி காட்டினார்கள். அவருடைய பிழைப்பையும் யோசித்துச் சொன்ன பதில் அது.

அபூதாவூதில் இன்னொன்று. ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே, துணித்துண்டுகளால் இரண்டு இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) திருப்பிக் கேட்டார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். இதிலிருந்து சட்டம் எடுப்பது ஆலிம்களின் வேலை. பிள்ளையின் விசித்திரக் கற்பனையைக் கண்டு முகம் சுளிக்கவில்லை என்பது மட்டும் நம்மைப் போன்றவர்களுக்கும் புரிகிறது.

இனி பிழைப்புக் கேள்வி. இங்கே ஒருவருடைய வரலாற்றைச் சொல்ல வேண்டும். சையத் ஹைதர் ரஸா. 1922-ல் மத்தியப் பிரதேசத்தில் மண்டலா மாவட்டம் பாபரியா என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தை வனத்துறையில் ரேஞ்சர். சுற்றிலும் காடு. காட்டு இரவின் பயமும், விடிந்தபின் கோண்டு மக்களின் சந்தையில் பார்த்த நிறங்களும் கடைசிவரை தன் படங்களில் வந்துகொண்டே இருந்ததாக அவர் சொல்வதுண்டு. பள்ளியில் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை. ஆசிரியர் ஒருநாள் வராந்தாச் சுவரில் ஒரு புள்ளி வைத்து, மற்றதையெல்லாம் மறந்து இதையே பார் என்று உட்கார வைத்தார். அந்த ஆசிரியருக்கு அன்று தேவைப்பட்டது கொஞ்சம் அமைதி மட்டுமாகக்கூட இருந்திருக்கலாம்! ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் புள்ளி பெரிய கறுப்பு வட்டமாக அவர் படங்களின் நடுவே வந்து அமர்ந்தது. உலகம் அவரை அடையாளம் கண்டது அந்த வட்டத்தால்தான்.

'பிந்து' என்று அதற்கு அவர் பெயர் வைத்தார். அதற்குச் சொல்லப்படும் தத்துவ விளக்கங்களில் நமக்கு உடன்பாடில்லாதவை உண்டு. ஆனால் ஓதப் போன முதல் வாரத்திலேயே, ஒரு புள்ளி மேலே இருப்பதா கீழே இருப்பதா என்பதில் எழுத்தே மாறிவிடும் என்று கற்றவர்கள் நாம். புள்ளியின் அருமையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரஸாவுக்கு உதவித்தொகை என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். நாக்பூரில் ஓவியம் படித்துவிட்டு, மாகாண அரசின் உதவித்தொகையோடு 1943-ல் பம்பாய் போனார். போய்ச் சேரத் தாமதமானதால் கல்லூரியில் இடம் போயிற்று. அச்சுக்கு பிளாக் செய்யும் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார், பிறகு ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்தார். 1947-ல் தாயும் 1948-ல் தந்தையும் வஃபாத்தானார்கள். பிரிவினையில் உடன்பிறந்தோர் பாகிஸ்தான் போக, இவர் இங்கேயே இருந்தார். 1948-ல் காஷ்மீரில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரசோன் இவர் படங்களைப் பார்த்துவிட்டு, திறமை இருக்கிறது, கட்டமைப்பு இல்லை என்று நேருக்கு நேர் சொன்னார். ரஸா கோபித்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சு மொழி கற்றார். 1950-ல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகை பெற்று பாரிஸ் சென்றார். 1956-ல் அந்நாட்டு விமர்சகர்கள் வழங்கும் பரிசைப் பெற்றார். பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

1983-ல் அவர் அக்ரிலிக்கில் வரைந்த 'சௌராஷ்டிரா' 2010-ல் லண்டன் ஏலத்தில் 16 கோடி ரூபாய்க்கு மேல் போனது. இதைக் கேட்டு எந்தப் பெற்றோரும் கணக்குப் போட வேண்டாம். ஏலப் பணம் விற்றவருக்குத்தான், வரைந்தவருக்கு அல்ல. ரஸாவைப் போல் வந்தவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. நாம் மதிப்பது வேறொன்றை. தன் சம்பாத்தியத்தைக் கொண்டு இளம் கலைஞர்களுக்கு உதவ அவர் ஒரு அறக்கட்டளை வைத்தார். 2016-ல் டெல்லியில் வஃபாத்தான அவரை, அவர் விருப்பப்படியே மண்டலாவில் தந்தையின் கப்ருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் வடநாட்டுக்காரர் என்பீர்கள். நம் ராமநாதபுரம் கடலோரத்து அழகன்குளத்தில் 1943-ல் பிறந்தவர் சையத் தாஜுதீன். சிறுவனாகப் பினாங்கு போய், அங்கிருந்து திரும்பி வந்து இதே சென்னைக் கல்லூரியில் படித்து, மலேசியாவின் பேர்பெற்ற ஓவியர்களில் ஒருவரானார். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உறவு வைத்திருக்கும் கடையநல்லூருக்கு இந்தப் பயணம் புதிதல்ல.

அந்தக் கல்லூரியில் ஓவியத்தோடு துணி வடிவமைப்பும் கற்றுத் தருகிறார்கள். தறி ஓடிய ஊர் இது. எந்த நிற இழைக்குப் பக்கத்தில் எந்த நிறம் வர வேண்டும் என்று யாரோ முடிவு செய்ததால்தான் துணி விலை போயிற்று. அவர்களை நாம் ஓவியர் என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான். ஓவிய ஆசிரியர் பணி, பாடநூல் படங்கள், விளம்பரம், துணி வடிவமைப்பு என்று ஹலாலான வழிகள் இருக்கின்றன. பெரிய வருமானம் என்று உறுதி சொல்ல முடியாது. அதை எல்லாப் பட்டப்படிப்புக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

ஆகவே குழு எடுத்த முடிவு இது. கல்லூரியின் நுழைவுத் தேர்வில் அந்தப் பிள்ளை இடம் பெற்றால், இன்ஷா அல்லாஹ், முதலாண்டுக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அறக்கட்டளை ஏற்கும். இது ஜகாத் நிதியிலிருந்து அல்ல, பொது நன்கொடையிலிருந்து. கருத்து வேறுபட்ட உறுப்பினர்களும் இந்த ஏற்பாட்டுக்கு இசைந்தார்கள். அடுத்த ஆண்டுத் தொகையை அவளுடைய மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்வோம். மற்ற பிள்ளைகளுக்கும் இதே விதிதான்.

மண்டபத்தின் பின்சுவரில் அவளுடைய பதினோரு அக்ரிலிக் படங்கள் மாட்டப்பட்டுள்ளன. அக்ரிலிக் என்றால் தண்ணீரில் கரைத்துத் தீட்டும் வண்ணம். சீக்கிரம் காயும், டர்பன்டைன் வாடை இராது. ஆகவே வீட்டு முற்றத்திலேயே வரைய முடிந்திருக்கிறது. ஒரு படத்தில் தேநீர்க் கெட்டில் ஒன்று கருப்பாநதி அணைக்குள் தண்ணீர் ஊற்றுகிறது. இன்னொன்றில் தெருவில் இழுத்துக் கட்டிய பாவு நூல் நீண்டு நீண்டு மேற்கு மலைவரை போய், அங்கே சாரலாக இறங்குகிறது. இது எப்படித் தோன்றியது என்று கேட்டோம். நன்னா தறியில் இருந்தபோது, மழை வந்தால் பாவு நனைந்துவிடுமே என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம். அந்த மழையையே பாவாக்கிவிட்டேன் என்றாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு பெண்களும், மஃரிபுக்குப் பின் ஆண்களும் பார்க்கலாம். ஈரம் காயாத படம் ஒன்று இருக்கிறது, பிள்ளைகள் தொட வேண்டாம். இப்போது பட்டியலை வாசிக்கிறோம். பெயர் அழைக்கப்படுவோர் பெற்றோருடன் மேடைக்கு வரவும்.