மதகும் வாய்க்காலும்: இதயம் காக்கும் கலை

(வெள்ளி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



காவிரியின் கடைமடையில் நாற்று நட்டு வளர்ந்த நமக்கு மதகைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதயத்திலும் ஒரு மதகு உண்டு. இரத்தம் பெருந்தமனிக்குள் பாயும் வாயிலிலுள்ள மூன்றிதழ் வால்வே அது. முதுமையில் அவ்விதழ்களில் சுண்ணாம்பு படிந்து வாயில் குறுகும்போது மூச்சிரைப்பும் மார்வலியும் மயக்கமும் தோன்றுகின்றன.

முன்னர் மார்பைத் திறந்தே வால்வை மாற்றினர். 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே என்னும் மருத்துவர், மடித்த வால்வை இரத்தக் குழாய் வழியே செலுத்தி உள்ளே விரித்துப் பொருத்தினார். இன்று குசராத்தின் வாப்பியிலும் இத்தகைய வால்வு உருவாகிறது.

இம்முறையில் பழைய இதழ்களை அகற்றுவதில்லை. புதிய வால்வு அவற்றைச் சுவரோரம் ஒதுக்குகிறது. ஆபத்தும் அங்கேதான். மதகைக் கடந்ததும் முதலில் பிரியும் இரு வாய்க்கால்களே இதயத் தசைக்கு உணவூட்டும் கொரோனரித் தமனிகள். ஒதுக்கப்பட்ட இதழ் அவற்றின் வாயை அடைத்துவிட்டால், உடலுக்கெல்லாம் இரத்தம் இறைக்கும் இதயம் தானே வறண்டு போகும். 2013இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் இது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே நேர்ந்தது; ஆயினும் நேர்ந்தவருள் பத்துக்கு நால்வர் முப்பது நாள்களுக்குள் இறந்தனர்.

காப்பது எவ்வாறு? முதற்காவல் அளவெடுத்தல். தமனியின் வாய் எவ்வளவு உயரத்தில் உள்ளதென்பதை சி.டி. ஸ்கேன் காட்டும். உயரம் 10 அல்லது 12 மில்லிமீட்டருக்குக் குறைந்து, பெருந்தமனியின் அடிப்பகுதியும் குறுகலாயின் எச்சரிக்கை வேண்டும். அடுத்த காவல், வால்வை விரிக்குமுன்பே அத்தமனிக்குள் வழிக்கம்பியும் விரிக்காத ஸ்டென்டும் வைத்திருத்தல். அடைப்பு நேர்ந்தால் ஸ்டென்டை வாயருகே இழுத்து விரித்து வழி திறப்பர். பழைய இதழையே மின்கம்பியால் பிளந்து இடைவெளி உண்டாக்கும் முறையும் அண்மையில் வந்துள்ளது.

இவையனைத்தும் காலத்தோடு வந்தவர்க்கே பயன்படும். "வயதானால் இரைக்கத்தான் செய்யும்" என்று நம் வீட்டுப் பெரியோரைத் திண்ணையில் அமர்த்திவிடுகிறோம். அன்பர்களே! நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாலே இந்நோயின் ஓசையை மருத்துவர் ஐயுற இயலும். தஞ்சை மருத்துவக் கல்லூரி நம்மருகே உள்ளது; அழைத்துச் செல்லுங்கள்.

மாணவர்களே! கடைமடைக்கு எதுவும் கடைசியில்தான் வந்து சேரும் என்பது நாமறிந்த துயரம். தலைமடையில் நின்று அளந்து திறப்பவருள் நம் பிள்ளைகளும் இருத்தல் வேண்டும். மருத்துவராக, செவிலியராக, ஸ்கேன் நுட்பநராக உயருங்கள். அதற்கே இச்சங்கம் விளக்கேற்றியது.