அறிவுக்குப் பூட்டு எதற்கு?

(தமிழ்க் கழகக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கணிப்பொறியைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்கு என்ன தகுதி என்று உங்களுள் சிலர் எண்ணலாம். தகுதி இல்லைதான், ஆனால் பட்டறிவு உண்டு. அதனை இறுதியிற் சொல்வேன். அதற்கு முன், தொழிலுலகில் நாற்பதாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கொன்றை உங்கள்முன் வைக்கின்றேன். அறிவு பூட்டி வைத்தால் வளருமா, திறந்து வைத்தால் வளருமா என்பதே அவ்வழக்கு.

முதற்கண் சொற்பொருள் தெளிவோம். கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பே மென்பொருள். மாந்தர் எழுதிய வடிவில் அக் கட்டளைகள் இருக்குங்கால் அதற்கு மூலநிரல் என்று பெயர். பொறிக்குரிய வடிவாக மாற்றியபின் அதனைப் படித்தறிதல் மிக அரிது. மூலநிரலை மறைத்து மென்பொருளை விற்பது, குழம்பை விற்றுச் சமையல் முறையை ஒளிப்பது போன்றது. மூலநிரலையும் உடன்கொடுத்து, ‘படி; திருத்து; பிறர்க்கும் கொடு’ என்று உரிமை வழங்குவதே கட்டற்ற மென்பொருள்; திறமூல மென்பொருள் என்றும் சொல்வர். ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல் குறிப்பதால், ‘யாம் பேசுவது உரிமையைப் பற்றி, விலையைப் பற்றியன்று’ என்று இவ்வியக்கத்தார் ஓயாது விளக்கஞ் சொல்ல வேண்டியிருக்கின்றது. தமிழிலோ விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. சொல்லே பொருளை விளக்கிவிடுகின்றது!

இவ்வியக்கத்தின் வித்து ஓர் அச்சுப்பொறியில் இருந்தது. 1980-ஐ ஒட்டிய காலத்தில், அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இரிச்சர்டு இசுடால்மன் என்பார் பணியாற்றினார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால், காத்திருப்போர்க்கு உடனே செய்தி போகுமாறு அதன் மென்பொருளை அவர் திருத்தியிருந்தார். பின்னர்ச் செராக்சு நிறுவனத்தின் புதுப்பொறி வந்தது, மூலநிரல் வரவில்லை. தாள் சிக்கியது, திருத்த வழியில்லை. நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரைத் தேடிச் சென்று கேட்டார். எவர்க்கும் தருவதில்லை என்று ஒப்பமிட்டிருந்த அவர் மறுத்துவிட்டார். அன்று பட்ட மனக்காயம் ஆறவில்லை. 1983-இல் ‘குனு’ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை இசுடால்மன் அறிவித்தார். 1989-இல் அதற்கெனப் பொது உரிமம் ஒன்றும் வகுத்தளித்தார். ‘எடுத்துத் திருத்தியவன் அதனைப் பிறர்க்கு வழங்கும்போது, தன் திருத்தத்தின் மூலநிரலையும் உடன் வழங்கக் கடமைப்பட்டவன்’ என்பதே அவ்வுரிமத்தின் உயிர்நிலை.

1991-இல் பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் இலினசு தோர்வால்டுசு, தம் இருபத்தொன்றாம் அகவையில், இலினக்சு என்னும் இயக்கக் கருவை எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதனைப் பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். நாடுகள் பலவற்றிலிருந்து முன்பின் அறியாதார் அதனைத் திருத்தி வளர்த்தனர். உலகின் மிகுவிரைவுக் கணிப்பொறிகள் ஐந்நூற்றைப் பட்டியலிடுகின்றார்களே, 2017 நவம்பர் முதல் அவ்வைந்நூறும் இயங்குவது இலினக்சில்தான். நம் பைகளில் இருக்கும் ஆண்டிராய்டுக் கைப்பேசிகளின் கருவும் அதுவே.

‘ஊதியமே குறியான வணிகர் இதற்கு எப்படி உடன்பட்டனர்?’ என்று கேட்பீர்கள். ஐ.பி.எம். நிறுவனம் 2001-ஆம் ஆண்டில் மட்டும் நூறு கோடி தாலரை இலினக்சுக்குச் செலவிடுவதாக 2000-இல் அறிவித்தது. இஃது ஈகையன்று, கணக்கு. ஓர் ஏரியின்கீழ் நூறு உழவர் இருப்பின், ஆளுக்கோர் ஏரி வெட்டுவதில்லை. ஏரி பொது, கரையைக் காப்பது பொதுக்கடமை, விளைச்சலில்தான் போட்டி. இதனை மென்பொருள் தொழிலார் சற்றுக் காலந்தாழ்த்து உணர்ந்தனர்.

மென்பொருளுக்கு மட்டுமா இது பொருந்தும்? பொன் தோண்டும் தொழிலுக்கும் பொருந்திற்று! கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் இரெட்லேக்கு என்னுமிடத்தில் கோல்டுகார்ப் நிறுவனத்துக்கு ஒரு சுரங்கம் இருந்தது. மேலும் பொன் எங்கே கிடைக்கும் என்பது தெளிவுபடவில்லை. அதன் தலைவர் இராபு மெக்யூவன், 1999-இல் ஒரு கருத்தரங்கில் இலினக்சு வளர்ந்த முறையைக் கேட்டறிந்தார். அக் கருத்தரங்கு நடந்த இடம், இசுடால்மன் பணியாற்றிய அதே தொழில்நுட்ப நிறுவனம்! சுரங்கத் தொழிலில் நிலவியல் தரவு என்பது உயிரினும் மேலாக மறைத்துக் காக்கப்படுவது. அவரோ 1948 முதல் திரட்டிய தரவு முழுவதையும் 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் இணையத்தில் திறந்து வைத்து, பொன் இருக்குமிடம் சுட்டுவோர்க்கு 5,75,000 தாலர் பரிசு என்றறிவித்தார். ஏறத்தாழ ஐம்பது நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முன்வந்தனர். சுட்டப்பெற்ற 110 இடங்களுள் பாதி, நிறுவனத்தார் அதுவரை எண்ணியும் பாராதவை. அப் புதிய இடங்களுள் நூற்றுக்கு எண்பதிற்குமேல் குறிப்பிடத்தக்க அளவு பொன் கிடைத்ததென்பது நிறுவனம் தந்த கணக்கு. முதற்பரிசு பெற்ற ஆத்திரேலியக் குழுவினர் அச் சுரங்கத்தைக் கண்ணாலும் கண்டதில்லை! ஐம்பதாண்டுகளாகப் பூட்டிக் கிடந்த தாள்களுக்குள் அல்லவோ அப் பொன் இருந்தது?

ஆயினும், திறந்துவிட்டால் போதும், எல்லாம் தாமே நடக்கும் என்று எண்ணற்க. இணையத்தில் வங்கிச் செய்திகளையும் கடவுச்சொற்களையும் காக்கும் மென்பொருள்களுள் ஒன்று, ஓப்பன் எசு.எசு.எல். என்பது. 2012-இல் வெளிவந்த அதன் பதிப்பில் ஒரு பிழை நுழைந்தது. வெளியார் கேட்டால், கணிப்பொறி தன் நினைவிலிருந்த கமுக்கச் செய்திகளையும் சேர்த்துக் கொட்டிவிடும். இரண்டாண்டு அப்பிழை வெளிப்படவில்லை. 2014 ஏப்பிரலில் ‘ஆர்ட்பிளீடு’ என்ற பெயரில் அது வெளிப்பட்டபோது உலகம் நடுங்கியது. அப்போதுதான் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. பெருநிறுவனங்கள் பலவும் நம்பியிருந்த அம்மென்பொருளைப் பேணியவர் ஒரு சிலரே. அவர்க்குக் கிடைத்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 தாலர்! எல்லாரும் நீர் இறைத்தனர், கரையைப் பார்ப்பாரில்லை. அதன்பின்னரே பெருநிறுவனங்கள் கூடிப் பொருளுதவின. திறத்தல் ஓர் அறமென்றால் பேணுதல் அதனினும் பேரறம். அதுபோலவே, எதனைத் திறப்பது என்பதிலும் வரம்பு வேண்டும். தொழிலறிவு பொதுவாகலாம், தனியொருவரின் நோய்க் குறிப்பு பொதுவாகாது.

இனி, தமிழுக்கு வருவோம். பூட்டிய மென்பொருளில் தமிழ் இடம்பெறுவது வணிகன் விருப்பம். ஊதியம் இல்லையேல் தமிழும் இல்லை. கட்டற்ற மென்பொருளில் எவர் இசைவும் வேண்டியதில்லை. பயர்பாக்சு உலவியும் இலிபர்ஆப்பிசு எழுதுகருவியும் இன்று தமிழில் பேசுகின்றன என்றால், தன்னார்வத் தொண்டர் இரவு பகலாகச் சொல்லாக்கிக் கொடுத்ததே கரணியம்.

என் பட்டறிவு இதுவே. 1996 முதல் 1999 வரை எம் பக்கத்துத் தச்சர், குயவர், நெசவாளர் ஆகியோரின் தொழிற்சொற்கள் ஏறத்தாழ மூவாயிரத்தைத் திரட்டினேன். கொட்டாப்புளி, இழைப்புளி, பாவு, ஊடை எனத் தொடங்கி, எந்த அகரமுதலியிலும் நான் காணாத சொற்கள் வரை அதில் இருந்தன. அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துரு வணிகரும் தமிழெழுத்துகளைத் தாம் விரும்பிய எண்களில் வைத்தனர். நான் வாங்கிய எழுத்துருவுக்குப் பூட்டுக்கட்டை ஒன்றும் உண்டு. வணிகர் கடையை மூடினார், கட்டை பழுதாயிற்று, என் சொற்களெல்லாம் பொருளற்ற குறிகளாயின. ஒருங்குறியைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஏற்றறிவித்தபோதும் என் வட்டுகள் ஊமையாகவே கிடந்தன.

வணிகரை மட்டும் குறைசொல்ல எனக்கு வாயில்லை. 2004-இல் அகரமுதலி தொகுக்கும் அறிஞர் ஒருவர் அச்சொற்களைக் கேட்டார். வேறொருவர் பெயரில் வெளிவந்துவிடுமோ என்றஞ்சி, அச்சிட்டிருந்த படியையும் தர மறுத்தேன். அந்த அச்சுப்படியிற் பெரும்பகுதி பின்னர் மழையில் அழிந்தது. பூட்டியவன் வணிகன் மட்டுமல்லன், நானுந்தான்!

சென்ற ஆண்டு என் பழைய மாணாக்கன் ஒருவன், எவரோ எழுதிப் பொதுவில் வைத்திருந்த எழுத்துரு மாற்றி ஒன்றை எடுத்து, எஞ்சிய நாற்பது பக்கங்களோடு ஒப்பிட்டுத் திருத்தி, என் சொற்களை மீட்டுத் தந்தான். மூன்று வட்டுகளுள் இரண்டுதான் மீண்டன. நெசவாளர் சொற்கள் போயின. அவற்றைச் சொன்ன முதியவரும் இன்று இல்லை.

அவையோரே! மீண்ட சொற்களை இன்று இக்கழகத்திடம் ஒப்படைக்கின்றேன். எவரும் எடுக்கலாம், திருத்தலாம், அச்சிடலாம். கட்டளை ஒன்றே: திருத்தியதையும் திறந்தே வையுங்கள். உங்கள் பேழைகளிலும் இவ்வாறு எவையேனும் பூட்டிக் கிடப்பின், சொல்லியவர் இருக்கும்போதே திறந்துவிடுங்கள்.