உப்பும் பஞ்சும் கவர்னர் பிரௌனும்



அமெரிக்க உள்நாட்டு யுத்தம் என்றால் லிங்கனையும் தளபதிகளையும் பற்றித்தான் பேசுவார்கள். நாம் இன்று தெற்கே, ஜார்ஜியா ராஜ்யத்து ஏழைகளின் அடுப்படியைப் பார்ப்போம். 1857 முதல் 1865 வரை அங்கே கவர்னர் ஜோசப் பிரௌன். மலைநாட்டு விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். ஏழை வெள்ளையரின் நண்பன் என்று பெயர் வாங்கியவர்.

1860-ல் அந்த ராஜ்யத்தின் ஜனத்தொகை சுமார் 10,57,000. இதில் 4,62,000 பேர் அடிமைகள். அடிமைகளை வைத்திருந்த வெள்ளைக் குடும்பங்களோ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். மற்றவர்களைப் பண்ணையாரின் பக்கம் இழுப்பது எப்படி? அந்த டிசம்பரில் பிரௌன் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அடிமைகள் விடுதலையானால் கூலிக்குப் போட்டி வரும், ஏழை வெள்ளையனின் கூலி விழும் என்பது அதன் சாரம். கூலிக்காரனைக் கூலிக்காரனோடு மோதவிடும் இந்தப் பேச்சு நமக்குப் புதிதா என்ன?

யுத்தம் வந்ததும் வடக்கின் கப்பல்கள் துறைமுகங்களை அடைத்தன. உப்புப் பஞ்சம்! உப்பில்லாமல் பன்றி இறைச்சியைப் பதப்படுத்த முடியாது; ஏழைகளுக்கு அதுதான் குளிர்காலச் சாப்பாடு. பிரௌன் போர்வீரர் குடும்பங்களுக்கு உப்பு கொடுத்தார். மக்காச்சோளத்தில் சாராயம் காய்ச்சுவதைத் தடுத்தார். 1862 டிசம்பரில், வேலையாள் ஒருவருக்கு 3 ஏக்கருக்கு மேல் பருத்தி கூடாது என்று சட்டமும் வந்தது. செய்ததைச் செய்ததாகவே சொல்வோம்.

ஆனால் சாகப் போனது யார்? 1862 ஏப்ரலில் கட்டாய ராணுவச் சட்டம். அக்டோபரில், 20 அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையனுக்கு விலக்கு! பணக்காரன் காசு கொடுத்துப் பதிலாள் அனுப்பலாம். ஏழை வீட்டில் பெண்கள் ஏர் பிடித்தார்கள். பிரௌன் இச்சட்டத்தை எதிர்த்துத் தென்னாட்டு ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸுடன் மல்லுக்கு நின்றார். ராஜ்ய உரிமை, சுதந்திரம் என்றெல்லாம் முழங்கினார். தம் அதிகாரிகளுக்கும் ஊர்ப்படை ஆபீசர்களுக்கும் விலக்கு வாங்கினார். அடிமையின் சுதந்திரம் மட்டும் அவர் வாயில் வரவில்லை.

1863 மார்ச்சில் அட்லாண்டா கடையொன்றில் பெண்கள் கூட்டமாக நுழைந்தார்கள். ஒருத்தி கைத்துப்பாக்கியை நீட்ட, இறைச்சியை அள்ளிப் போனார்கள். அடுத்த மாதம் கொலம்பஸ் நகரிலும் பெண்கள் கடைகளில் புகுந்தார்கள்.

நம் மில் தோழர்கள் ராஸ்வெல் என்ற ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1864 ஜூலையில் வடக்குப் படை அங்கிருந்த பஞ்சாலைகளைக் கொளுத்தியது. எதிரிப் படைக்குத் துணி நெய்தார்களாம்! தளபதி ஷெர்மன் உத்தரவில் சுமார் 400 தொழிலாளரை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும், கைது செய்து ரயிலேற்றி வடக்கே அனுப்பினார்கள். முதலாளிமார் முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வாண்டுக் கடைசியில் ஷெர்மன் படை கடலை நோக்கி நடந்தபோது, ஆயிரக்கணக்கான அடிமைகள் தோட்டங்களை விட்டு அதன் பின்னே நடந்தார்கள்.

பிரௌன் என்ன ஆனார்? நிலக்கரிச் சுரங்க முதலாளியானார். 1880 முதல் 1891 வரை அமெரிக்க செனட்டர். அவருடைய டேட் சுரங்கங்களில் கரி வெட்டியவர்கள் சர்க்காரிடம் குத்தகைக்கு எடுத்த கைதிகள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள்.