இழுப்பறைக்குள் இருக்கும் குடும்பச் சொத்து



வீட்டிலேயே தரமான டிவிடி தயாரிக்கும் மென்பொருள்களைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். டிவிடி காலம்தான் முடிந்துவிட்டதே, இனி இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள். அண்ணன் திருமணம், அக்காள் மகளின் மஞ்சள் நீராட்டு விழா, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம், இன்று செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டு மறைந்துபோன தோட்டத்துக் கோயிலின் திருவிழா. பல குடும்பங்களில் இவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. ஆகவே இந்த வட்டுகள் எப்படித் தயாராயின என்று தெரிந்துகொள்வது, அவற்றைக் காப்பாற்றுவதற்கான முதல் படி.

நம் மலேசியாவில் முதலில் வீடு வீடாகப் புகுந்தது விசிடி. 1993இல் வந்த அந்த முறையில் ஒரு வட்டில் 74 நிமிடம் அடங்கும். படமும் சற்று மங்கலாகவே இருக்கும். 1996 இறுதியில் ஜப்பானில் டிவிடி கருவிகள் விற்பனைக்கு வந்தன. படம் தெளிவாக இருந்தது. ஆனால், டிவிடி தயாரிக்கும் மென்பொருள் தொடக்கத்தில் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களிடமே இருந்தது. 2001இல் இந்த நிலை மாறியது. ஆப்பிள் நிறுவனம் டிவிடி எழுதும் கருவி பொருத்திய கணினியை விற்பனைக்கு விட்டு, ஐடிவிடி என்ற எளிய மென்பொருளை அதனுடனேயே கொடுத்தது. தொழில்முறையாளர்களுக்கான டிவிடி ஸ்டூடியோ புரோவின் விலை 999 அமெரிக்க டாலர். பிறகு யூலீட், நீரோ, அடோபி என்று பல நிறுவனங்களின் மென்பொருள்கள் வந்தன. விண்டோஸ் விஸ்டா, விண்டோஸ் 7 ஆகியவற்றின் சில பதிப்புகளில் டிவிடி மேக்கர் கூடவே வந்தது. கல்யாண வீடியோ எடுக்கும் தம்பியும் அலுவலகக் குமாஸ்தாவும் டிவிடி தயாரிப்பாளர்களாக ஆனது அப்படித்தான்.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'ஆத்தரிங்' என்று பெயர். நூலாசிரியர் ஒரு நூலை அமைப்பது போல வட்டை அமைப்பது என்று பொருள் கொள்ளலாம். படத்தை வெட்டி ஒட்டுவது எடிட்டிங். அதற்குப் பிறகு வருவது ஆத்தரிங். வட்டைப் போட்டதும் முதலில் எது வர வேண்டும்? முகப்புப் பட்டியலில் என்னென்ன இருக்க வேண்டும்? எந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கே போக வேண்டும்? ஒரு பகுதி முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும்? இவற்றையெல்லாம் முடிவு செய்வதே இந்தக் கலை.

நான் ஊடகத் துறையில் டிப்ளோமா பயின்றபோது, இறுதிப் படைப்பை டிவிடியில்தான் ஒப்படைக்க வேண்டும். எங்கள் விரிவுரையாளர் அதைக் கணினியில் போட்டுப் பார்க்க மாட்டார். மலிவான டிவிடி கருவி ஒன்றில் போட்டு, ரிமோட்டில் கண்டபடி பொத்தான்களை அழுத்துவார். வட்டு தடுமாறினால் மதிப்பெண் குறையும். "வீட்டில் இருக்கும் பாட்டி இப்படித்தான் அழுத்துவார்" என்பார். தொழில்முறைத் தரம் என்றால் என்ன என்பதை நான் கற்றது அங்கேதான். விலையுயர்ந்த மென்பொருள் வாங்கிவிட்டால் அந்தத் தரம் வந்துவிடாது. பார்ப்பவரை மனத்தில் நிறுத்தி நாம் எடுக்கும் முடிவுகளால் வருவது அது.

முதல் முடிவு, எவ்வளவு நேரத்தை ஒரு வட்டில் அடைப்பது என்பது. சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 கிகாபைட். கணினி வேறு விதமாகக் கணக்கிடுவதால் அதைச் சுமார் 4.38 என்று காட்டும். ஒரு மணி நேரப் படம் என்றால், நொடிக்கு 8 மெகாபிட் வரை தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டு மணி நேரம் என்றால் ஒலியையும் சேர்த்து 5 மெகாபிட்தான் கிடைக்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் 3.4 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். மண்டபத்தில் சும்மா அமர்ந்திருப்பவர்களைக் காட்டும்போது குறை தெரியாது. தாலி கட்டும் வேளையில் அட்சதை பறக்கும், கேமரா விளக்குகள் மின்னும். அப்போது படம் சதுரம் சதுரமாக உடையும். எந்த நொடிக்காக வீடியோ எடுத்தோமோ, அந்த நொடியே கெட்டுப்போகும். நல்ல தயாரிப்பாளர் இரண்டு வட்டுகளாகக் கொடுப்பார். அல்லது தயவு தாட்சண்யம் இல்லாமல் வெட்டுவார்.

இரண்டாவது, அத்தியாயங்கள். ஒரு படத்தில் 99 அத்தியாயங்கள் வரை குறிக்கலாம். பத்து நிமிடத்திற்கு ஒன்று என்று மென்பொருள் தானாகவே போட்டுக்கொடுக்கும். அது சோம்பேறி வேலை. நலங்கு, மாலை மாற்றுதல், தாலி கட்டுதல், பெரியோர் ஆசி என்று நிகழ்வுக்கு நிகழ்வு குறித்தால், பார்ப்பவர் வேண்டிய இடத்திற்கு நேராகப் போகலாம்.

மூன்றாவது செய்தி, தமிழர்களாகிய நாம் அதிகம் பயன்படுத்தாமல் விட்டது. ஒரு டிவிடியில் 8 ஒலித்தடங்களும் 32 மொழிகளில் துணையெழுத்தும் வைக்கலாம். அந்தத் துணையெழுத்து எழுத்தாகப் பதிவாவதில்லை. சிறு சிறு படங்களாகவே பதிவாகிறது. ஆகவே எந்த நாட்டில் செய்த கருவியாக இருந்தாலும், தமிழ் எழுத்துரு அதில் இல்லாவிட்டாலும், தமிழ் பிசகாமல் திரையில் வரும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறாது. கணினியில் தமிழ் எழுத்துரு பெரும் தலைவலியாக இருந்த நாட்களில் இது எவ்வளவு பெரிய வசதி!

இரண்டாவது ஒலித்தடத்தை எதற்குப் பயன்படுத்தலாம்? பழைய திருமண வீடியோவைப் பாட்டிக்குப் போட்டுக் காட்டுங்கள். "இவர்தான் உன் பெரிய தாத்தா, அந்தச் சிவப்புச் சேலைக்காரி என்னோடு பால்மரம் சீவியவள்" என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். அந்தக் குரலைப் பதிவு செய்து, படத்தின் இரண்டாவது ஒலியாகச் சேர்த்துவிடலாம். தமிழ் தெரியாமல் வளரும் பேரப்பிள்ளைக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ துணையெழுத்து கொடுக்கலாம். இதைச் செய்து வைத்த குடும்பங்கள் கொடுத்து வைத்தவை.

இனி, காப்பாற்றும் செய்திக்கு வருவோம். கடையில் வாங்கும் திரைப்பட டிவிடி, தொழிற்சாலையில் அச்சாக அழுத்தித் தயாரிக்கப்படுவது. நாம் வீட்டில் எழுதிய டிவிடி அப்படியல்ல. அதில் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. லேசர் ஒளி அந்தச் சாயத்தை மாற்றித்தான் பதிவு செய்கிறது. வெயில், வெப்பம், ஈரப்பதம் மூன்றும் சாயத்திற்குப் பகை. நம் ஊரில் மூன்றுக்கும் குறைவில்லை. மேலே ஒட்டிய அழகான காகித லேபிளும் கெடுதலே. வட்டு சுழலும்போது சமநிலை கெடலாம். பசையும் நாளடைவில் தொல்லை தரும்.

இன்னொரு பக்கம், கருவிகளும் மறைந்து வருகின்றன. டிவிடி ஸ்டூடியோ புரோ 2011இல் நிறுத்தப்பட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8இல் டிவிடி மேக்கர் இல்லை. இப்போது வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் வட்டு போடும் இடமே கிடையாது.

ஆகவே, வெள்ளம் வருமுன் அணை போடுங்கள். யுஎஸ்பி மூலம் இணைக்கும் டிவிடி கருவி ஒன்றை வாங்குங்கள். அல்லது உறவினரிடம் இரவல் பெறுங்கள். வட்டைத் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறை இருக்கும். அதை முழுவதுமாகக் கணினியில் நகல் எடுங்கள். விஎல்சி என்ற இலவச மென்பொருள் அந்தக் கோப்புறையை அப்படியே, பட்டியலோடும் அத்தியாயங்களோடும் திரையிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பலர் வட்டை எம்பி4 கோப்பாக மாற்றிவிட்டு, பழையதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். வாட்சாப்பில் அனுப்ப எம்பி4 வசதிதான், மறுக்கவில்லை. ஆனால், மாற்றும்போது கவனிக்காவிட்டால் முதல் ஒலித்தடம் மட்டுமே வரும். துணையெழுத்து போய்விடும். பாட்டியின் குரலும் போய்விடும். மேலும், ஏற்கெனவே சுருக்கிய படத்தை மறுபடியும் சுருக்குவதால் தெளிவும் குறையும். முழுக் கோப்புறை முதலில். எம்பி4 அதற்குப் பிறகு. நகலை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று வேறு ஊரில் இருக்கும் உடன்பிறப்பின் வீட்டில். கோப்புக்கு 'வீடியோ 1' என்று பெயர் வைக்காதீர்கள். யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதுங்கள்.

இன்றும் வட்டு தயாரிக்க விரும்புவோருக்கு டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இணையம் பழகாத பெரியவர்களுக்கு, ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடும் வட்டு இன்னமும் நல்ல பரிசுதான். எழுதி முடித்ததும் அவர்கள் வீட்டுக் கருவியிலேயே போட்டுச் சோதித்துப் பாருங்கள்.

அன்று அந்த வட்டுகளைத் தயாரித்தவர்கள், மறுநாள் சோபாவில் அமர்ந்து பார்க்கப்போகும் மணமக்களை நினைத்தார்கள். இன்று நாம் நினைக்க வேண்டியது, அந்த மணமக்களின் பேரப்பிள்ளைகளை. இந்த வாரக் கடைசியில் ஒரே ஒரு வட்டை எடுத்து நகல் செய்யுங்கள். அருகில் வீட்டுப் பெரியவரை அமர வைத்து, படத்தில் இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். வட்டை நகல் எடுக்க அரை மணி நேரம் போதும். அந்தப் பெயர்களைச் சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.