சவரக் கத்தி பிடிக்கப் பழகுவோருக்கு



வழக்கமாக வருமான வரி, ஓய்வூதியச் சேமிப்பு என்று கதைக்கிற கணக்காளர் இன்றைக்குச் சவரக் கத்தியோடு வந்திருக்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். நேயர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால்தான் இந்தத் தலைப்பு. இங்கே வளர்ந்த எங்கள் இளம் பிள்ளைகள் சிலர் பழைய மடக்குக் கத்தியால் முகம் வழிக்கப் பழக விரும்புகிறார்கள். தாய்மார் பயப்படுகிறார்கள். தகப்பன்மாருக்கோ சொல்லிக்கொடுக்கத் தெரியாது. ஊரில் அவர்கள் சலூன் கதிரையில் இருந்து முகத்தைக் கொடுத்தவர்கள், கத்தி பிடித்தவர்கள் அல்லர். நான் சில வருடங்களாக இந்தக் கத்தியைப் பாவிப்பதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜேர்மனியின் சோலிங்கனும் சவரக் கத்திக்குப் பேர்போன நகரங்கள். சோலிங்கனில் இன்றும் செய்கிறார்கள். அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர், தேய்ந்ததும் எறிந்துவிடும் பிளேட் கொண்ட றேசரை 1903இல் விற்கத் தொடங்கினார். அந்த வருடம் விற்றது 51 றேசரும் 168 பிளேட்டும்தான். முதலாம் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் படையினருக்கு இந்த றேசரைக் கொடுத்தது. வீடு திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தோடு திரும்பினார்கள். கத்தி தீட்டும் வேலை போனது; ஆயுள் முழுவதும் பிளேட் வாங்கும் செலவு வந்தது.

செலவு என்றதும் என் தொழில் குறுக்கே வருகிறது. என் கணக்கைச் சொல்கிறேன். கத்தி 190 டொலர், தீட்டுகிற தோல்வார் 60, பிறஷும் கிண்ணமும் சவர்க்காரமும் 50. மொத்த முதல் 300 டொலர். பிறகு வருடம் இரண்டு தரம் சாணை பிடிக்க 50, சவர்க்காரத்துக்கு 20. முன்னர் நான் வாரம் ஒரு பிளேட் தலை, 4 டொலர்ப்படி, நுரையும் சேர்த்து வருடம் 238 டொலர் செலவழித்தேன். ஆகவே வருடம் 168 டொலர் மிச்சம். போட்ட முதல் இரண்டு வருடத்துக்குள் திரும்பி வந்துவிடும். ஆனால் ஆசைப்பட்டு இரண்டாவது, மூன்றாவது கத்தி வாங்கினால் மிச்சம் இல்லை. உங்கள் நேரத்துக்குக் கூலி போட்டாலும் நட்டம்தான். மலிவு மட்டும்தான் வேண்டும் என்றால் சாதாரண இரட்டை முனை பிளேட் றேசரே போதும்.

அடுத்தது, யார் இதைத் தொடக்கூடாது என்பது. இதைக் கவனமாகக் கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின், குளோப்பிடோக்ரெல் போன்ற மருந்து எடுப்பவர்களுக்குச் சின்ன வெட்டிலும் இரத்தம் நிற்கச் சுணங்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் புண் ஆறச் சுணங்கும், கிருமியும் தொற்றலாம். எங்கள் சனத்தில் நீரிழிவு இல்லாத குடும்பத்தைக் காண்பதே அரிது. கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் இது வேண்டாம். இவர்களுக்கு மின்சார றேசர்தான் நல்லது. அத்தோடு, அண்ணன் தம்பி என்றாலும் ஒரு கத்தியை இரண்டு பேர் பாவிக்கக் கூடாது. கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி, சி கிருமிகள் கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியிலும் கடக்கும். சலூனுக்குப் போனாலும் உங்கள் கண் முன்னால் புதுப் பிளேட் மாற்றச் சொல்லுங்கள். ஊருக்குப் போய் நிற்கும்போதும் கேளுங்கள், அதில் வெட்கமில்லை.

இனிக் கத்தி வாங்குவது. அகலம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து அல்லது ஆறு பங்கு உள்ளதாகப் பாருங்கள். நுனி வட்டமாக இருக்கட்டும். கூர் நுனி பழகியவர்களுக்கு. புதுக் கத்தி என்றாலும் பல வேளைகளில் முகத்தில் வைக்கிற அளவுக்குத் தீட்டப்பட்டிருக்காது. தீட்டித் தருகிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். மொட்டைக் கத்தி மயிரை இழுக்கும், நாம் அழுத்துவோம், அப்போதுதான் வெட்டும்.

தோல்வாரில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே போகவேண்டும், கூர்ப்பக்கம் பின்னே வரவேண்டும். முதுகு தோலை விட்டு எழும்பக்கூடாது. திருப்பும்போதும் முதுகின் மேலேயே உருட்டுங்கள். கூர்ப்பக்கமாக உருட்டினால் தோலும் போகும், கூரும் போகும். சவரத்துக்கு முன் ஒரு முப்பது, நாற்பது தரம் மெதுவாக இழுத்தால் போதும். வேகம் தேவையில்லை.

சவரத்தைக் குளித்தவுடன் செய்யுங்கள். வெந்நீரில் ஊறிய மயிர் மெதுவாகும். பிறஷால் நல்ல நுரை எடுங்கள். மூன்று விரல் கத்தித் தண்டின் மேலே, பெருவிரல் கீழே, சின்னவிரல் வாலில். மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். பாதி வேலை அந்தக் கையுடையதுதான். கத்தியைத் தோலோடு ஏறக்குறைய 30 பாகை சரிவில் வைத்து, மயிர் வளரும் திசையில் குறுகக் குறுக வழியுங்கள். நிமிர்த்தினால் சுரண்டும், படுக்கவைத்தால் மயிரை இழுக்கும். கத்தியைப் பக்கவாட்டில் ஒரு நூல்கூட நகர்த்தாதீர்கள். வெட்டு விழுவது பெரும்பாலும் அதனால்தான்.

முதல் வாரம் இரண்டு கன்னம் மட்டும். மிச்சத்தைப் பழைய றேசரால் முடியுங்கள். இரண்டாம் வாரம் தாடை, பிறகு கழுத்து. நாடியும் மேலுதடும் கடைசிப் பாடம். மயிர் வளரும் திசைக்கு எதிராக வழிப்பதை மாதக்கணக்கில் பழகிய பின் பாருங்கள். சுருள் மயிர் உள்ள எங்கள் பிள்ளைகளுக்கு எதிர்த்து வழித்தால் மயிர் தோலுக்குள்ளேயே வளைந்து பரு வரும்.

சின்னக் கீறலுக்குப் படிகாரக் கட்டியை நனைத்துத் தடவுங்கள். ஊரில் சீனக்காரம் என்போமே, அதுதான். கத்தி கைநழுவினால் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் தொடாதீர்கள். முடிந்ததும் ஈரம் துடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டு போகவும் விடமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. சொந்தக் கையில் இதைப் பிடித்துப் பார்க்கிறவனுக்குத்தான் இது எவ்வளவு பெரிய வித்தை என்று விளங்கும். என் முகத்தை நான் வழிக்கப் பழகவே மாதங்கள் எடுத்தன. இன்னொருவருடைய முகத்தை, அதுவும் நாளுக்கு எத்தனையோ முகங்களை, ஒரு கீறல் இல்லாமல் வழித்துவிடுவது எப்படிப்பட்ட கைத்திறன்! எங்கள் ஊர்களில் அந்தத் திறனை ஒரு சாதியின் தலையில் சுமத்தி, அதே திறனுக்காக அவர்களைக் கீழே வைத்தார்கள். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அவர்கள் வராமல் காரியம் நடக்காது. ஆனால் பந்தியில் சமமாக இருத்தமாட்டார்கள். கழுத்து நரம்பின் மேல் கத்தி வைக்க ஒருவரை நம்பியவர்கள், அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்க வேறு பேணி வைத்திருந்தார்கள். சாதியின் பேரால் ஒதுக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957இலேயே வந்தது. சட்டம் வந்தவுடன் பழக்கம் போய்விடவில்லை. கடல் கடந்த பிறகும் அந்தத் தொழிலின் பேரை வசைச்சொல்லாகப் பாவிக்கிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். கலியாணப் பேச்சில் இரகசியமாக விசாரிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் இதே கத்தியை விலை கொடுத்து வாங்கி, பெருமையாகப் பழகுகிறார்கள். நல்லது, பழகட்டும். கத்தியைக் கையில் கொடுக்கும்போது, அதை முதலில் எங்களுக்காகப் பிடித்தவர்கள் யார், அவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். அந்த வசைச்சொல் வீட்டுக்குள் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.